ஐஸ் ஹாக்கிக்குத் தரையில் தயாராவது: காலுக்குப் பலம், ஷிஃப்டுக்கு மூச்சு

ஐஸ் ஹாக்கி ஆட வரும் பெரியவர்களில் பலர் ஏற்கெனவே உடற்பயிற்சி செய்கிறவர்கள்தான். வாரம் மூன்று நாள் ஜிம்முக்குப் போவார்கள், ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடுவார்கள். ஆனால் ரிங்கில் (ஐஸ் மைதானத்தில்) இறங்கிய இரண்டாவது ஷிஃப்ட், அதாவது பெஞ்சிலிருந்து எழுந்து ஒரு தடவை ஐஸில் ஆடும் நேரம், முடிவதற்குள் தொடை எரிந்து, கால் கனத்து, முழங்காலை மடக்க முடியாமல் நிமிர்ந்து நின்று சறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். நிமிர்ந்ததும் வேகம் போய்விடும், வேகம் போனால் பக் என்கிற ரப்பர் வட்டின் பின்னால் ஓடுவது மட்டும்தான் மிச்சம். ஸ்டாமினா போதவில்லை என்று நினைத்து அடுத்த வாரத்திலிருந்து இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூட்டி ஓடுவார்கள், ஐஸில் எதுவும் மாறாது. ஓடுவது கெட்ட பழக்கம் என்று சொல்லவில்லை, ஐஸ் கேட்கிற வேலை வேறு. அது என்ன வேலை என்று புரிந்துவிட்டால் தரையில் எதைச் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகவே தெளிவாகும்.

ஓடும்போது பாதம் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது, தரை அதற்குப் பிடி கொடுக்கிறது. ஐஸில் உராய்வு மிகமிகக் குறைவு, அதே மாதிரி நேராகப் பின்னால் தள்ளினால் பிளேடு வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் ஸ்கேட்டிங்கில் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, பிளேடின் உள்விளிம்பை ஐஸில் பதித்து, பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலுமாகத் தள்ளுகிறோம். இந்தத் தள்ளலுக்குப் பலம் தருபவை பிட்டத் தசைகளும் முன்தொடையும். தள்ளி முடிந்த கால் அப்படியே வெளியே போய்விடாமல் தடுத்து நிறுத்தி, மறுபடி உடம்புக்கு அடியில் இழுத்துக்கொண்டு வருவது உள்தொடைத் தசைகளின் வேலை. கவட்டையிலிருந்து முழங்கால் பக்கம்வரை தொடையின் உட்புறமாக ஓடும் தசைகள் இவை. நேராக ஓடும்போது இவற்றுக்கு இவ்வளவு பளு விழாது. அதனால் ஓடிப் பழகியவருக்கும் முதல் சில வாரங்களில் சரியாக அந்த இடத்தில்தான் வலிக்கும்.

இன்னொரு வித்தியாசம், ஸ்கேட்டிங்கில் பெரும்பாலான நேரம் உடம்பின் முழுக் கனமும் ஒற்றைக் காலில்தான் இருக்கிறது, அதுவும் முழங்கால் நன்றாக மடங்கிய நிலையில். நல்ல ஸ்கேட்டர் வேகமெடுக்கும்போது கவனித்துப் பாருங்கள், முழங்கால் ஏறக்குறைய 90 முதல் 110 டிகிரியில் மடங்கியிருக்கும். எவ்வளவு தாழ்ந்து இருக்கிறோமோ அவ்வளவு நீளத்துக்குக் காலை நீட்டித் தள்ளலாம், ஒவ்வொரு தள்ளலிலும் கூடுதல் தூரம் கிடைக்கும். ஆனால் அப்படித் தாழ்ந்தே இருக்கும்போது தொடைத் தசை இறுகியபடியே இருக்கிறது, இறுகிய தசை தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களை அமுக்குகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, எரிச்சல் சீக்கிரம் வந்துவிடுகிறது. பரதநாட்டியம் கற்றவர்களுக்கு அரைமண்டியிலேயே நின்று அடவு போடும்போது தொடையில் வரும் எரிச்சல் தெரியும். முழங்கால் போகும் திசையும் முதுகின் சாய்வும் வேறு என்றாலும் இங்கே வருவதும் அந்த மாதிரி எரிச்சல்தான். ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவரின் நுரையீரலுக்கு இதில் எந்தக் குறையும் இல்லை, அவருடைய தொடைதான் தாழ்ந்து நிற்கப் பழகவில்லை.

சரி, மூச்சு விஷயத்துக்கு வருவோம். ஒரு ஆட்டம் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. ஆனால் யாரும் தொடர்ந்து ஆடுவதில்லை. வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லில் ஆடுபவர் ஒரு ஷிஃப்டில் சுமார் 40 முதல் 50 விநாடி ஐஸில் இருப்பார், பிறகு பெஞ்சில் இரண்டு மூன்று நிமிடம் உட்காருவார். அந்த 45 விநாடியிலும் முழுக்க முழுக்கப் பாய்ச்சல் கிடையாது. மூன்று நான்கு விநாடி பாய்ச்சல், கொஞ்சம் சறுக்கல், ஒரு திருப்பம், ரிங்கைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகை ஓரமாக ஒரு முட்டி மோதல், மறுபடி பாய்ச்சல் என்று போகும். முதல் சில விநாடி வேகத்துக்குத் தசையில் தயாராகச் சேமித்து வைத்த சக்தி போதும். அது பத்து விநாடிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு ஆக்சிஜனுக்குக் காத்திருக்காமல் சர்க்கரையை எரித்து உடம்பு சமாளிக்கிறது. தொடை கனப்பதும் மூச்சு முட்டுவதும் அந்தக் கட்டத்தில்தான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இதயமும் நுரையீரலும் ஆக்சிஜன் கொண்டுவந்து கொடுத்து, தீர்ந்துபோன சேமிப்பை மறுபடி நிரப்புகின்றன. ஆகவே ஹாக்கிக்கு இரண்டு தரப்பட்ட ஸ்டாமினா வேண்டும்: ஷிஃப்டுக்குள் பாய்ந்து பாய்ந்து ஓடும் திறன் ஒன்று, பெஞ்சில் சீக்கிரம் மீண்டுவரும் திறன் இன்னொன்று. ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓடுவது இரண்டாவதற்கு உதவும், முதலாவதற்கு அதிகம் உதவாது.

இந்தத் தரைப்பயிற்சி புதிதாக வந்த ஃபேஷன் கிடையாது. சோவியத் யூனியனில் செயற்கை ஐஸ் அரிதாக இருந்த காலத்தில் பயிற்சியாளர் அனடோலி தாராசோவ் தன் ஆட்டக்காரர்களைக் கால்பந்து, ஜிம்னாஸ்டிக்ஸ், எடை தூக்குதல் என்று ஆண்டு முழுக்கத் தரையில் வேலை வாங்கினார். கனடாவில் அப்போது கோடை முழுக்க ஓய்வு, செப்டம்பர் முகாமில்தான் உடம்பைத் தேற்றுவது என்று பலர் இருந்தார்கள். 1972 செப்டம்பர் 2 அன்று மாண்ட்ரியாலில் இரண்டு நாடுகளும் மோதிய தொடரின் முதல் ஆட்டத்தில் கனடா தொடக்கத்திலேயே இரண்டு கோல் போட்டும் 7-3 என்று தோற்றது. தாராசோவ் அந்தத் தொடரில் பயிற்சியாளராக இல்லை, ஆனால் களத்தில் இருந்தவர்களில் பலர் அவர் வளர்த்தவர்கள். எட்டு ஆட்டத் தொடரைக் கடைசியில் கனடா வென்றுவிட்டது என்றாலும் வட அமெரிக்க ஹாக்கி உடற்பயிற்சியைப் பார்க்கும் விதத்தை அந்த முதல் இரவு அசைத்துவிட்டது. இன்று என்எச்எல் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முன் பஃபலோ நகரில் இளம் ஆட்டக்காரர்களுக்கு நடக்கும் உடற்திறன் முகாமில் ஸ்கேட் கட்டவே சொல்வதில்லை. நின்ற இடத்திலிருந்து தாண்டுவது, புல்-அப், சைக்கிளில் 30 விநாடி உயிரைக் கொடுத்து மிதிப்பது, சைக்கிளிலேயே ஆக்சிஜன் பயன்பாட்டை அளப்பது என்று எல்லாமே தரையில்தான்.

லடாக்கையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே இயற்கை ஐஸ் கிடைப்பது குளிர்காலத்தில் இரண்டு மாதத்தை ஒட்டித்தான், செயற்கை ரிங்க் எல்லாம் சமீபத்தில் வந்தவை. அந்த நிலையிலிருந்து வந்த பெண்கள் பெரும்பான்மையாக உள்ள இந்திய அணி 2025 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. கனடாவில் டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலோ மார்க்கம் நகரிலோ இருக்கும் நமக்கு ரிங்க் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் ஐஸ் நேரத்துக்கு விலை அதிகம், வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்த நேரத்தை முழுக்க ஸ்கேட்டிங் நுட்பத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்றால் பலத்தையும் மூச்சையும் வெளியே தேடிக்கொள்வதுதான் வழி.

எதிலிருந்து தொடங்குவது

தாழ்ந்து நிற்பதிலிருந்து. பாதங்கள் தோள் அகலத்தில், முழங்கால் பாதவிரலைத் தாண்டும் அளவுக்கு முன்னால், இடுப்பு பின்னால், மார்பு நிமிர்ந்து, கண் முன்னால். இதுதான் ஹாக்கி நிலை. இதில் 30 விநாடி அசையாமல் நின்று பாருங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பினால் கணுக்கால் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுவதைத் தினமும் இரண்டு நிமிடம் செய்தால் சில வாரத்தில் தளரும். 30 விநாடி சுலபமான பிறகு 45, அதற்கப்புறம் அதே நிலையில் பக்கவாட்டில் அடி எடுத்து வைத்து நடப்பது. முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டால் பிட்டத்தின் பக்கத் தசைக்கு நல்ல வேலை. இதைப் பலர் பயிற்சியாகவே மதிப்பதில்லை. புதிதாக வருகிறவருக்கு ஐஸில் முதலில் பலன் தெரிவது இதில்தான் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் ஸ்குவாட். நம் ஊரில் தண்டால் பஸ்கி என்று சொல்லும்போது வரும் அதே பஸ்கிதான், ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி எழுவது. செக் ஆட்டக்காரர் யாரோமீர் யாகர் சிறுவயதிலிருந்தே தினமும் ஆயிரம் ஸ்குவாட் போட்டதாகச் சொல்லியிருக்கிறார், அவர் என்எச்எல்லில் 45 வயதுவரை ஆடியவர். கேட்க உற்சாகமாக இருக்கும், ஆனால் அலுவலக நாற்காலியில் பத்து ஆண்டு உட்கார்ந்திருந்த முழங்காலோடு இதைப் பின்பற்றக் கூடாது. எட்டு முதல் பத்து தடவை, மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்கும் அளவுக்குக் கனம் இருந்தால் போதும்.

இரண்டு காலில் ஸ்குவாட் நன்றாக வந்ததும் ஒற்றைக் காலுக்கு மாறிவிடுங்கள், ஹாக்கிக்கான உண்மையான பலம் அங்கேதான் சேர்கிறது. ஒரு காலை முன்னால் வைத்து, மற்ற காலைப் பின்னால் நீட்டி, நேராகக் கீழே இறங்கி எழுவது ஸ்பிளிட் ஸ்குவாட். இது பழகிய பிறகு பின்காலை ஒரு பெஞ்சின் மேல் வைத்துச் செய்யலாம், கனம் கையில் பிடிக்காமலேயே தொடை நடுங்கும். பக்கவாட்டு லஞ்சையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்: ஒரு காலைப் பக்கத்தில் அகலமாக எடுத்து வைத்து, அந்த முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அதே காலால் தரையைத் தள்ளி எழுந்து வருவது. ஸ்கேட்டிங் தள்ளலுக்குத் தரையில் மிக நெருக்கமாக இருக்கும் அசைவுகளில் இது ஒன்று. பின்தொடைக்கு ஒற்றைக் காலில் நின்று, முதுகை நேராக வைத்து, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து எழும் டெட்லிஃப்ட். இதைச் செய்யும்போது கணுக்காலிலிருந்து இடுப்புவரை எல்லாமே சமநிலைக்காகப் போராடும், அந்தப் போராட்டமும் வேண்டியதுதான். முதலில் கனமே இல்லாமல், வேண்டுமானால் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

உள்தொடை

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் ஹாக்கியில் ஆட்டக்காரர்களை அடிக்கடி பெஞ்சில் உட்கார வைக்கும் காயங்களில் கவட்டைத் தசை இழுத்துக்கொள்வதும் ஒன்று. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் என்எச்எல் ஆட்டக்காரர்களின் இடுப்புப் பலத்தை சீசனுக்கு முன்பே அளந்து வைத்து, சீசனில் யாருக்குத் தசை இழுத்துக்கொள்கிறது என்று பார்த்தார்கள். காலை உள்ளே இழுக்கும் தசையின் பலம், வெளியே தள்ளும் தசையின் பலத்தில் 80 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தவர்களுக்கு அந்தக் காயம் வரும் வாய்ப்பு 17 மடங்கு அதிகமாக இருந்தது. தசை எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதில் காயம் பட்டவர்களுக்கும் படாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கவட்டை வலி என்றதும் கால்களை அகட்டி ஸ்ட்ரெச் செய்து மட்டுமே சரிக்கட்டப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அங்கே பெரும்பாலும் குறைவது பலம்.

இதற்கு கோபன்ஹேகன் பிளாங்க் என்ற பயிற்சி இருக்கிறது. பக்கவாட்டில் படுத்து, முழங்கையை ஊன்றி, மேல் காலை ஒரு பெஞ்சின் மேல் வைத்து, அந்தக் காலின் உட்புறத்தால் பெஞ்சை அழுத்தி உடம்பைத் தூக்கிப் பிடிப்பது. நார்வேயில் கால்பந்தாட்டக்காரர்களிடம் இந்தப் பயிற்சியைச் சேர்த்துப் பார்த்தபோது கவட்டைப் பிரச்சினைகளின் வாய்ப்பு 41 சதவீதம் குறைந்தது. புதியவர்கள் பாதத்தை பெஞ்சில் வைக்காமல் முழங்காலை வைத்துத் தொடங்க வேண்டும், பத்து விநாடி பிடித்தால் போதும், பக்கத்துக்கு மூன்று தடவை. முதல் நாளே அதிகமாகச் செய்தால் மறுநாள் படி இறங்குவதே சிரமமாகிவிடும். இதுவும் கடினமாக இருந்தால், மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, நடுவில் ஒரு பந்தை வைத்து நசுக்குங்கள். சீசன் நடக்கும்போது விடாமல் செய்ய வேண்டிய ஒரே பயிற்சியைச் சொல்லச் சொன்னால் நான் கோபன்ஹேகனைத்தான் சொல்வேன்.

வயிறு, முதுகு, மேலுடம்பு பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பிளாங்க், புஷ்-அப், டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுக்கும் ரோ, ஒரு கையில் மட்டும் கனம் பிடித்துச் சாயாமல் நடப்பது, இவை போதும். கடைசிப் பயிற்சிக்கு வீட்டில் ஒரு பக்கெட் தண்ணீர் இருந்தாலே செய்துவிடலாம்.

தாண்டுவதும் ஸ்லைடு போர்டும்

பலம் கொஞ்சம் சேர்ந்த பிறகு, அதாவது ஐந்தாறு வாரம் கழித்து, அந்தப் பலத்தை வேகமாக வெளிக்கொண்டுவரப் பழக வேண்டும். ஒற்றைக் காலிலிருந்து பக்கவாட்டில் தாவி மறுகாலில் இறங்கி, இறங்கிய இடத்தில் ஆடாமல் இரண்டு விநாடி நிற்பது இதற்கான முதல் பயிற்சி. பக்கத்துக்கு ஐந்து தடவை, பிறகு ஒரு நிமிடமாவது ஓய்வு. இதை மூச்சு வாங்கும்வரை விடாமல் செய்து ஸ்டாமினா பயிற்சியாக மாற்றிவிடுவதை ஜிம் வகுப்புகளில் அடிக்கடி பார்க்கலாம். களைத்த காலில் தாவினால் முழங்கால் உள்பக்கம் சரியும், வேகமும் பழகாது. தாவும் பயிற்சி எப்போதும் புத்துணர்ச்சியோடு இருக்கும்போது, வார்ம்-அப் முடிந்த உடனே.

ஸ்லைடு போர்டு என்பது ஆறு முதல் பத்து அடி நீளமுள்ள வழவழப்பான பலகை, இரண்டு முனையிலும் தடுப்பு இருக்கும். ஷூவுக்கு மேல் துணி உறையை மாட்டிக்கொண்டு ஒரு தடுப்பை உதைத்து மறு தடுப்புவரை சறுக்குவது. ஸ்பீடு ஸ்கேட்டர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது இது. தாழ்ந்த நிலை, பக்கவாட்டுத் தள்ளல், உள்தொடையால் காலைத் திரும்ப இழுப்பது என்று ஸ்கேட்டிங்குக்கு வேண்டிய மூன்றும் ஒன்றாகக் கிடைப்பதால் 30 விநாடி செய்தாலே எங்கே பலம் குறைகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் இதில் ஸ்கேட்டிங் நுட்பத்தைக் கற்க முடியும் என்று நம்பிவிடக் கூடாது. பலகையில் நேர்ப் பக்கவாட்டில் மட்டுமே போகிறோம், முனையில் போய் நின்றுவிடுகிறோம், பிளேடின் விளிம்பு என்ற விஷயமே அங்கே இல்லை. தசைக்கு நல்லது, அவ்வளவுதான். ரோலர் ஸ்கேட்டும் கோடைக்கு நல்லதுதான், ஆனால் பிரேக் போட்டு நிற்கும் முறை முழுக்க வேறு என்பதால் ஐஸுக்குத் திரும்பும்போது அதை மறுபடி பழக வேண்டியிருக்கும்.

மூச்சுக்கு

முதல் மூன்று நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு தடவை, 30 முதல் 40 நிமிடம், பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிற வேகத்தில் சைக்கிள் மிதிப்பது அல்லது ஓடுவது. பெஞ்சில் சீக்கிரம் மீண்டுவருவதற்கான அடித்தளம் இது. எனக்கு சைக்கிள் மேல் விருப்பம் அதிகம், ஏனென்றால் முழங்காலில் அதிர்ச்சி குறைவு, முன்தொடைக்கும் பிட்டத்துக்கும் நேரடியாக வேலை. ஐந்து தங்கம் வென்ற 1980 ஒலிம்பிக் ஸ்பீடு ஸ்கேட்டர் எரிக் ஹைடன் பிறகு தொழில்முறை சைக்கிள் வீரராகி 1986-இல் டூர் டி பிரான்ஸில் கலந்துகொண்டார், இரண்டுக்கும் தேவைப்படும் கால் அவ்வளவு நெருக்கம். சைக்கிளில் இடுப்பு மடங்கியே இருப்பதால் இறங்கியதும் இடுப்பின் முன்பக்கத்தை ஒரு நிமிடம் நீட்டி விடுங்கள்.

அதற்குப் பிறகு ஷிஃப்டைப் போலவே இடைவெளி விட்டுச் செய்யும் பயிற்சி. ஐந்து நிமிடம் மெதுவாக மிதித்துவிட்டு, 30 விநாடி முழு வேகம், இரண்டு நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு சுற்று. வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டி எட்டுவரை போகலாம், பிறகு வேக நேரத்தை 40 விநாடியாக்கி ஓய்வை ஒன்றரை நிமிடமாகக் குறைக்கலாம். கடைசிச் சுற்றின் வேகம் முதல் சுற்றைவிடப் பெரிதாகக் குறைந்தால் சுற்றுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், மெதுவாகச் செய்து எண்ணிக்கையை நிரப்புவதில் பலன் இல்லை. 40 வயதைத் தாண்டியவர்கள், இதயக் கோளாறு அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும், ஒரு கடினமான ஷிஃப்டில் இதயத் துடிப்பு உச்சத்தை நெருங்கிவிடும்.

பெரியவர்களின் லீக் ஆட்டங்களில் இன்னொரு பிரச்சினை உண்டு. ஆட்கள் குறைவாக வந்தாலும், சில சமயம் ஆசையிலும், ஒரே ஷிஃப்டில் இரண்டு நிமிடம் ஐஸில் இருந்துவிடுவார்கள். எந்தப் பயிற்சியும் அதற்குத் தயார் செய்யாது. 45 விநாடியில் வெளியே வந்துவிடுங்கள், அடுத்த ஷிஃப்ட் நன்றாக இருக்கும், அணிக்கும் அதுதான் நல்லது.

பிள்ளைகளுக்கு இந்தத் திட்டத்தை அப்படியே கொடுக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வயதுவரை தாவுவது, ஏறுவது, நீச்சல், கால்பந்து என்று விதவிதமாக விளையாடுவதே நல்ல தரைப்பயிற்சி. ஹாக்கி ஜாம்பவான் வேய்ன் கிரெட்ஸ்கியே கோடையில் ஹாக்கியை விட்டுவிட்டு பேஸ்பாலும் லக்ரோஸும் ஆடி வளர்ந்தவர். ஆண்டு முழுக்க ஹாக்கி மட்டுமே என்று பிள்ளையை ரிங்க் ரிங்காகக் கூட்டிப் போகும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும், வளரும் இடுப்பு மூட்டுக்கு ஒரே அசைவு திரும்பத் திரும்பக் கொடுப்பது நல்லதில்லை. தாழ்ந்து உட்காரும்போது இடுப்பின் முன்பக்கத்தில் கிள்ளுவது போன்ற வலி வந்தால், பெரியவருக்கானாலும் பிள்ளைக்கானாலும், அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

கனடாவில் சீசன் பெரும்பாலும் செப்டம்பர் அக்டோபரில் தொடங்கி மார்ச் ஏப்ரல்வரை போகும். மே மாதம் ஓய்வும் உடம்பைத் தளர்த்துவதும், ஜூன் ஜூலையில் பலப் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள், ஆகஸ்டில் தாவலும் இடைவெளிப் பயிற்சியும் என்று பிரித்துக்கொண்டால் முதல் ஆட்டத்துக்குக் கால் தயாராக இருக்கும். சீசன் தொடங்கிய பிறகு எல்லாவற்றையும் விட்டுவிடுவதுதான் பலர் செய்வது, டிசம்பர் வாக்கில் கோடையில் சேர்த்த பலத்தில் நிறையப் போய்விடும். வாரத்துக்கு ஒரு நாள், முப்பது நிமிடம் போதும்: ஸ்பிளிட் ஸ்குவாட், ஒற்றைக் கால் டெட்லிஃப்ட், கோபன்ஹேகன், இரண்டு சுற்று. ஆட்டத்துக்கு முந்தின நாளில் மட்டும் வைக்காதீர்கள்.